பேங்க்குக்குக் காவல் காத்த தோப்பு

என் பெயரில் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. நாகரசம்பட்டிக்குப் பக்கத்தில், முப்பத்து நான்கு மரம். பெரும்பாலும் கிளிமூக்கு, நான்கைந்து செந்தூரா, கிணற்றோரம் ஒரே ஒரு மல்கோவா. நான் ஒரே பிள்ளை என்பதால் என் கல்யாணத்தின்போது அப்பா அதை எனக்கு எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தாரே தவிர உழுவதும் மருந்தடிப்பதும் வியாபாரியிடம் குத்தகை பேசுவதும் அவர்தான். அம்மா போன பிறகு அந்தக் குத்தகைப் பணத்தில்தான் அவருடைய சாப்பாடும் துணிமணியும். பத்திரம் ஓசூரில் என் பெட்டியில், மரம் ஊரில் அவர் கையில். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு பட்டறையில் டர்னராக இருந்தார். இரும்பை லேத்தில் கடைந்து முடித்ததும் விரலால் ஒரு தடவு தடவி, அளவு சரியா இல்லையா என்று சொல்லிவிடுவார். பிறகு மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் அதுவும் அதையேதான் சொல்லும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெங்களூரிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் முதலாளி அந்த வேலையைத்தான் எடுத்துக் காட்டுவார், செய்தவர் யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“எத்தன வருசத்துக்கு அடுத்தவங்க லேத்தையே தொடச்சிக்கினு இருப்பீங்க?” என்றேன் ஒருநாள்.

“லேத்து என்ன புளியா, கடைக்குப் போயி அரைக்கிலோ வாங்கிக்கினு வர?” என்றார் அவர்.

நான்தான் அவரை பேங்க்குக்கு இழுத்துப் போனேன். அங்கே இருந்த மேனேஜர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். லேத்து வாங்கினால் ஆர்டர் தருவதாக ஒரு கம்பெனி கொடுத்திருந்த கடிதத்தை இரண்டு முறை படித்தார். வாங்கப்போகிற லேத்தே கடனுக்கு ஈடு, ஆனால் முதல் தடவை கடன் வாங்குகிறவர்களுக்கு அது மட்டும் போதாது, கொலாட்டரல் வேண்டும் என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

“லேத்துக்கு மேல இன்னொரு ஈடும்மா. நாளைக்கு லேத்த வித்தும் கடன் அடையலன்னா, அடுத்து எதுல கை வைக்கணும்னு எங்களுக்குத் தெரியணும்லா?”

“தோப்பு இருக்குதுங்க சார்” என்றேன். மேசைக்கு அடியில் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். நான் காலை நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா கிணற்றடியில் எருமையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போதே அவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும், அவர் மறுத்தால் எப்படி மடக்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

“தோப்புப் பத்திரத்த பேங்க்குல வெச்சு லேத்து வாங்கலாம்னு இருக்கறம்பா. அஞ்சு வருசக் கடன்.”

“உம் பேர்ல இருக்கறதுதான கண்ணு. வெய்யி” என்றார். எருமையின் மறுபக்கம் போய்த் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். நான் அடுக்கி வைத்திருந்த பேச்செல்லாம் வீணாய்ப் போனது.

அப்புறம் ஒரு மாதம் அலைச்சல். வில்லங்கச் சான்று, சிட்டா, கிஸ்தி ரசீது, எல்லாவற்றையும் வக்கீல் பார்த்துக் கொடுத்த கடிதம். பேங்க்கிலிருந்து ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு தோப்புக்கே வந்து ஒவ்வொரு மரமாக எண்ணி, வயது கேட்டு எழுதிக்கொண்டார். அப்பா அவர் பின்னாலேயே நடந்து, “இது ரெண்டு வருசமா சரியா புடிக்கலீங்க, எழுதிக்குங்க” என்று நோஞ்சான் மரத்தையும் காட்டிக் கொடுத்தார். நல்லவேளை, அதற்காக எங்கள் கடனை அவர்கள் குறைக்கவில்லை.

தை முடிவதற்குள் வாடகைக்குப் பிடித்த ஒரு ஷெட்டுக்கு லேத்து வந்துவிட்டது. இந்த இயந்திரம் பேங்க்குக்கு ஈடு என்று அதன் மேல் பெயின்டால் எழுதி வைக்க வேண்டும் என்பது பேங்க்கின் விதி. வீட்டுக்காரர் ஓரமாக, சின்னதாக எழுதலாம் என்றார். நான் ஆள் வைத்துப் பெரிய எழுத்தாக, வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி எழுதச் சொன்னேன். பக்கத்து ஷெட்காரன் வந்து பார்த்துவிட்டு, “என்னக்கா, மிஷினு உங்களுது இல்லியா?” என்று இளித்தான்.

“பேங்க்கே நம்பிப் பணம் குடுத்த மிஷினுடா. உன்ன நம்பி யாராச்சும் ஒரு டீ கடன் குடுத்திருக்கறாங்களா?” என்றேன். அதன் பிறகு அவன் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டு வரவில்லை.

வேலை நன்றாகத்தான் நடந்தது. பணம்தான் வரவில்லை. சரக்கை எடுத்துக்கொண்ட கம்பெனி பில்லை இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தது. தவணை ஆரம்பித்து முதல் மூன்று மாதமும் கட்ட முடியாமல் போனது. ஆனி மாதம் பேங்க்கிலிருந்து ரிஜிஸ்தர் தபால் வந்தது. வீட்டுக்காரர் படித்துவிட்டு என் கையில் கொடுத்தார். மாதக் கடைசிக்குள் நிலுவையைக் கட்டாவிட்டால் ஈடாகக் கொடுத்த சொத்துகளின் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. லேத்து போனால் போகட்டும், அவர் கையில் தொழில் இருக்கிறது. தோப்பு போனால் அப்பா எங்கே போவார்? என் வாய்தான் அந்தத் தோப்பைக் கொண்டுபோய் மேசையில் வைத்தது.

வேறு வழி தெரியவில்லை. குத்தகைப் பணத்தில் மூன்று தவணைக்கு மட்டும் கைமாற்றாக அப்பாவிடம் கேட்பது என்று கிளம்பினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் ஒரு பைசா கேட்டதில்லை. கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, ஊரில் இறங்கித் தோப்புக்குப் போனேன்.

தோப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். எப்போதும் பிஞ்சிலேயே குத்தகைக்குப் போய்விடும், ஆனியில் அறுவடை மும்முரமாக நடக்கும். அந்த வருடம் ஒரு காயும் அறுபடாமல் கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அப்பா தகர டப்பாவைக் குச்சியால் தட்டிக் கிளி விரட்டிக்கொண்டிருந்தார். கொட்டகைக்குள் வைக்கோல் பரப்பி, உதிர்ந்த பழங்களை வகைவாரியாக அடுக்கி வைத்திருந்தார். நான் ஒரு செந்தூராவை எடுத்து முகர்ந்தேன். அப்பா கையை நீட்டி அதை வாங்கித் திரும்ப வைக்கோலில் வைத்தார்.

“ஏம்ப்பா, இந்த வருசம் குத்தகைக்கு உடலியா?”

“நான் எப்பிடி உடறது? தோப்பு பேங்க்குதுதான? வியாபாரி வந்தாரு, இல்லன்னு அனுப்பிட்டேன். பேங்க்குலருந்துதான் ஒருத்தரும் வரக்காணம். காயெல்லாம் பழுத்து வீணாப் போவுது. என்னா பேங்க்கு அது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் நிலத்தை வைத்துக் கடன் வாங்குவது என்றால் போக்கியம்தான். நிலத்தைக் கடன் கொடுத்தவரிடம் விட்டுவிட வேண்டும். கடன் அடையும்வரை உழுவதும் அறுப்பதும் அவர்தான், அந்த விளைச்சல்தான் அவருக்கு வட்டி. இடையில் நிலத்துக்காரர் போய் ஒரு காயைப் பறித்தாலும் அது திருட்டு. பேங்க் ஈட்டையும் அப்பா அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். போதாக்குறைக்கு ஒருவர் வந்து மரங்களை எண்ணிக்கொண்டு வேறு போயிருக்கிறார். பூ பூத்த நாளிலிருந்து எங்கள் தோப்பிலேயே ஒரு பழம்கூடத் தின்னாமல் அவர் பேங்க்குக்குக் காவல் இருந்திருக்கிறார்.

நான் கத்தினேன். பத்திரம் மட்டும்தான் அங்கே இருக்கிறது, மரமும் காயும் நம்முடையது என்று தொண்டை வலிக்கச் சொன்னேன். அவர் அசையவில்லை.

“லேத்துலகூடத்தான் பேங்க்குதுன்னு எழுதியிருக்குது. உம் மருமவன் தெனம் ஓட்டல?” என்றேன்.

“அது இரும்பு. ஓட்டினா கொறையாது. காய அறுத்தா போச்சில்ல?” என்றார். “பேங்க்காரரு வாயால சொல்லட்டும், அறுக்கறேன்.”

மறுநாள் காலை இரண்டு கூடைப் பழத்தோடு அப்பாவும் நானும் ஓசூர் பேங்க்கில் நின்றோம். பேங்க்கின் விளைச்சலைப் பற்றிப் பேச வெறுங்கையோடு போகக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். கூடையைப் பார்த்துவிட்டு மேனேஜர், “என்னம்மா இது?” என்றார்.

“உங்களுதுங்க சாமி” என்றார் அப்பா. “இது தானா உழுந்தது. மிச்சம் மரத்துல நிக்குது. ஆள அனுப்பி அறுத்துக்குங்க, ஒரு காத்தடிச்சா அத்தனையும் கொட்டிப் போயிரும்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். “ஐயா, நிலம் உங்க கையிலதான் இருக்கு. வெள்ளாமையும் உங்களுக்குத்தான். பத்திரம் மட்டும் எங்ககிட்ட. தவணைய ஒழுங்காக் கட்டுனா அதையும் திருப்பிக் குடுத்துருவோம். கட்டலன்னாதான் நிலத்த வித்துக் கடன எடுத்துக்கிட எங்களுக்கு உரிமை வருது. அது வரைக்கும் ஒரு இலையக்கூடத் தொட மாட்டோம்.”

“அப்ப உங்களுக்கு என்னாங்க லாபம்?”

“வட்டி வாங்குதோம்லா.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “மாசாமாசம் பணமா கட்டணுமா? கட்டறீங்களா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்று தவணை நிற்கிறது என்று மேனேஜர்தான் சொன்னார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? நாளைக்கு அறுக்கறேன்” என்றார். கூடைகளை மேனேஜர் வாங்க மறுத்துவிட்டார். நான் பஸ் ஸ்டாண்டு வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஷிப்ட் விட்டு வந்தவர்களிடம் அத்தனையையும் விற்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

நான்கு நாள் அறுவடை. நல்ல காலம், கிளிமூக்குக்குக் கிருஷ்ணகிரி மண்டியில் ஜூஸ் கம்பெனிக்காரர்கள் போட்டி போட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னதாகவே மூன்று தவணையையும் கட்டினேன், நாலாவதையும் சேர்த்து. பிற்பாடு கம்பெனி பில்லும் வந்தது. அதற்கப்புறம் ஒரு தவணைகூடத் தப்பவில்லை.

இந்தக் கதையை நான் சொல்லாத இடம் கிடையாது. கல்யாண வீடு, காதுகுத்து, தண்ணீர்க் குழாயடி, எங்கே நாலு பேர் கூடினாலும் பேங்க்குக்குக் காவல் காத்தவர் என்று அப்பாவைக் கிண்டல் செய்வேன். கிளி விரட்டியதை நடித்தே காட்டுவேன். அப்பாவும் சிரித்துக்கொள்வார். ஐந்து வருடம் இப்படியே ஓடியது. கடைசித் தவணை கட்டிப் பத்திரத்தை வாங்கப் போன நாளில் அப்பாவையும் கூட்டிப்போனேன். அந்த மேனேஜர் மாற்றலாகிப் போயிருந்தார். என் வயதுள்ள ஒரு அம்மா ஆபீசராக இருந்தார். பெட்டகத்திலிருந்து பத்திரம் வரும்வரை அவருக்கும் அந்தக் கதையைச் சொன்னேன், நடிப்போடு.

அவர் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, “ஏங்கய்யா, அப்ப உங்க பொண்ணு வந்து கேட்டப்ப, அஞ்சு வருச வெள்ளாமையும் போயிரும்னு நெனச்சுக்கிட்டுத்தான் வெச்சுக்கோன்னு சொன்னீங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“சாப்பாட்டுக்கு என்ன பண்றதா இருந்தீங்க?”

“எரும ரெண்டு இருந்துதுங்க. பக்கத்துத் தக்காளித் தோட்டத்துல கூலிக்குச் சொல்லி வெச்சிருந்தேன். எம் பொண்ணு ஒருநாளும் ஒண்ணும் கேக்காத புள்ளங்க, மொத மொதலா வந்து கேட்டுது.”

கிளி விரட்டிக் காட்டிய கையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டேன். ஐந்து வருடமாக ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த எனக்கு ஒருநாளாவது இது தோன்றவில்லையே என்று அவமானமாக இருந்தது. அந்த அவமானத்துக்கு மேலே, நெஞ்சு கொள்ளாமல், பெருமையாக இருந்தது.

ஆபீசர் பத்திரத்தை நீட்டி, சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பணம் கட்ட வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று, “இவருதாங்க எங்கப்பா” என்றேன். “அதான் எல்லாருக்கும் தெரியுதில்ல, மெல்ல பேசு” என்றார் அப்பா. நான் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.