துரையின் கேமராவும் கரண்டி அலகுப் பறவையும்

தோழிகளே, இதை டீச்சர் கண்ணில் படாமல் கைமாற்றிப் படியுங்கள். வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். எனக்குப் பயத்தில் தூக்கம் வரவில்லை.

பொந்தியான் கடற்கரைச் சேற்றில், கரண்டி போன்ற அலகுள்ள அபூர்வப் பறவை வந்திருக்கிறதாம். அதைப் படம் பிடித்துவரச் சொல்லி, தோட்டத்துத் துரை தம் கேமராவை, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான என் அப்பாவிடம் கொடுத்தார். அப்பாவுக்குக் கை நடுங்கும். ஆகவே பொத்தானை அமுக்குவது என் வேலை.

காலை முழுக்க முழங்கால் சேற்றில் நின்றோம். கால் மரத்துப்போன நேரத்தில் பறவை பக்கத்தில் வந்தது.

"பிலிமைத் திருகிட்டியாம்மா?"

"திருகிட்டேன்ப்பா." களைப்பில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப அமுக்கு. பறந்துடப் போகுது."

அமுக்கினேன். பறந்துவிட்டது.

வழியெல்லாம் அப்பாவுக்குச் சிரிப்பு. "இனிமே துரை என்னை ஏசமாட்டாரு, பாரேன்."

படுத்த பிறகுதான் உறைத்தது. நான் திருகவே இல்லை. அதற்கு முன் அதில் எடுத்தது துரையின் மனைவி துரைசாணி தொப்பியோடு நின்ற படம். பிலிம் நகராததால் பறவையின் படமும் அதன்மேலேயே விழுந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பிலிம் சிங்கப்பூருக்குக் கழுவப் போகிறது. அதற்குள் அப்பாவிடம் சொல்லிவிடவா? இல்லை, பறவைதான் துரைசாணியின் தொப்பியில் போய் உட்கார்ந்தது என்று சாதிக்கவா?