வெர்லீன் சொன்ன சாட்சி

மிசிசிப்பியில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வெர்லீன் அக்காவும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவள் கணவன் ஹோஸியாவுக்குப் பஞ்சாலையில் வேலை. ஒரே மகன் டெரல்.

அந்த டெரலைத்தான் பெட்ரோல் பங்க்காரன் ராய்ஸ் பிக்கார்ட் சுட்டுக் கொன்றான். திருட வந்தான் என்றான். காருக்குத் தண்ணீர் கேட்டு நின்ற பையன் அவன். பார்த்தவர்கள் எங்களைப் போலக் கறுப்பர்கள். கோர்ட்டில் தீர்ப்புச் சொன்ன ஜூரிகள் அத்தனை பேரும் வெள்ளையர்கள். பிக்கார்ட் விடுதலையாகி, மதியச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்குப் போய்விட்டான்.

பருத்தி எடுத்து முடிந்த ஒரு சனிக்கிழமை, ஊரே பார்க்க, ஹோஸியா பங்க்குக்கு நடந்துபோய் பிக்கார்டைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, போலீஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

எங்கள் வக்கீல் ஆம்ப்ரோஸ், அக்காவிடம் சொன்னார்: "அம்மா, அவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சொன்னாத்தான் மரண தண்டனையில்லாம உயிராவது மிஞ்சும். அதை நீங்கதான் சொல்லணும்."

சிறையில் ஹோஸியா கெஞ்சினான்.

"பைத்தியம்னு மட்டும் சொல்லிடாத, வெர்லீன். பைத்தியக்காரன் எவனையோ சுட்டான்னு கதையை முடிச்சிடுவாங்க. நம்ம புள்ள பேரே அதுல இருக்காது."

"அப்ப நான்? உங்க ரெண்டு பேரையும் நானே புதைக்கணுமா?"

"மாவு மூட்டையையே தூக்கறவ, உன்னால முடியாதா?" என்று சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

சம்பவத்தன்று காலை அவன் முகச்சவரம் செய்து, முட்டை சாப்பிட்டு, அவள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுத்தான் கிளம்பினான். அதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் கோர்ட்டில் பைபிள்மேல் கைவைத்து வேறு சொன்னாள்.

"டெரல் பக்கத்துல இருக்கறாப்ல பேசிட்டிருந்தாருங்க. அவனுக்கும் தட்டு வைக்கச் சொன்னாரு. என்னையே யாருன்னு கேட்டாரு."

ஹோஸியா துள்ளி எழுந்தான். "பொய்! எனக்குப் புத்தி தெளிவாத்தான் இருந்துச்சு! சொல்லு வெர்லீன், உண்மையைச் சொல்லு!"

போலீஸ்காரர்கள் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். அவன் கத்தக் கத்த, ஜூரிகள் அவளை நம்பிக்கொண்டே வந்தார்கள்.

புத்தி சரியில்லாதவன் என்று தீர்ப்பாகி, அவனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்காரர்களுக்கும் நிம்மதிதான், அதன்பிறகு ஊரில் டெரலைப் பற்றி யாரும் பேசவேண்டியிருக்கவில்லை.

கோர்ட் வாசலில் எங்கள் ஆட்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். "ஆளைக் காப்பாத்திட்டியே!" என்றாள் ஒருத்தி.

"எந்த ஆளை?" என்று கேட்டாள் அக்கா.

மாதாமாதம் பஸ் பிடித்து அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். பொரித்த கோழியும் சோள ரொட்டியும் கொண்டுபோவாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வான். ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தான்.

"பைத்தியக்காரன்கிட்ட உனக்கென்னடி பேச்சு?"

அதற்கப்புறமும் போனாள்.

ஒரு குளிர்காலத்தில் அவன் அங்கேயே இறந்துபோனான். மகனுக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டுத் திரும்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோர்ட்டுல இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்டி. இவ்வளவு நாளும் அவரு மூச்சு விட்டுக்கிட்டு இருந்தாரு இல்ல?"

இருந்தார் அக்கா, என்றேன்.