நைனாவுக்குக் கேட்கும் சைலன்சர்

போன மாதம் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் எங்களைச் சுற்றி ஒரு கூட்டமே கூடிவிட்டது. யாரும் எங்களைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் என் தம்பி தாமுவின் காரில்தான்.

வண்டி பூஜைக்கு வரிசையாக நின்ற லாரி, ஆட்டோ, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காத ஸ்கூட்டர்களுக்கு நடுவே அது நின்றது. கரும்பச்சை நிறம். நீண்ட மூக்கு. உருண்டைக் கண்கள். கம்பிச் சக்கரங்கள். கூரை கிடையாது. இரண்டே சீட். அறுபதுகளில் சீமையில் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்!

அசல் இல்லை... நகல். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் ஃபைபரில் உடம்பு செய்து, உள்ளே நம்மூர்ச் சாதாரணக் கார் இன்ஜினை வைத்து, ஆர்.சி. புத்தகம் வரைக்கும் முறையாக முடித்துக் கொடுத்திருந்தார்கள். சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி ஒன்றில் குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு எதற்கு இப்படி ஒரு கார் என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். 'உனக்குப் புரியாது அக்கா' என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

அர்ச்சகர் கற்பூரம் காட்டினார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பக்கத்து சீட்டில் எங்கள் நைனா கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டிவிட்டது. ரிடையர் ஆகும்வரை அரசு பஸ் ஓட்டியவர். அப்பாவை இப்படி ஒரு வண்டியில் உட்கார வைக்கத்தான் தம்பி இத்தனை பாடுபட்டானோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

தாமு சாவியைத் திருப்பினான். இன்ஜின் ஓடத் தொடங்கியது. நைனா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மகன் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா தாமு, எப்ப ஸ்டார்ட் பண்ணப் போற?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தாமுவும் சிரித்தான். ஆனால் காதோரம் சிவந்துபோயிருந்தது. என்ன செய்வது? பார்க்கச் சிங்கம் மாதிரி இருந்த கார், பக்கத்து வீட்டில் சட்னி அரைக்கிற மிக்சி மாதிரிதான் சத்தம் போட்டது. அந்தச் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை என்றால், நைனாவுக்கு எப்படிக் கேட்கும்?

நைனாவின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஓட்டிய பஸ்களில் இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, ஒரு தகர மூடிக்குக் கீழே உறுமிக்கொண்டிருக்கும். ரிடையர் ஆகி அவர் மட்டும் வீட்டுக்கு வந்தார். அவர் காதில் பாதி அந்தப் பஸ்களிலேயே தங்கிவிட்டது. மீதியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். ஒரே இரைச்சல் என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

பிறகு ஒவ்வொன்றாக விட்டார். கல்யாணங்களுக்குப் போவதில்லை. நகரியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். டிவியைக்கூட சத்தமில்லாமல் பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் தொண்டை கிழியக் கத்துவோம். அவர் தலையை ஆட்டுவார். எதற்கு ஆட்டினார் என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவர் ஆர்வமாக ஏறி உட்கார்ந்த ஒரே இடம் அந்தக் கார்தான்.

அதனால் தாமு ஒரு முடிவுக்கு வந்தான். சைலன்சரை மாற்றிவிடுவது.

பெயரைப் பாருங்கள் — சைலன்சர்! சத்தத்தை அடக்குவதற்கென்றே இருக்கிற ஒரு சாமானை, நல்ல சத்தம் வேண்டும் என்று தேடிக்கொண்டு கிளம்பினான் என் தம்பி.

திருப்பதியில், ரேணிகுண்டா ரோட்டில், ரமணா என்பவரின் கடை. சைலன்சர் மட்டும்தான் வேலை. பைப்பை வளைப்பார், வெட்டுவார், வெல்டு வைப்பார். அவரிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் புல்லட் வைத்திருக்கும் இளவட்டங்கள். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று, ஊரே திரும்பிப் பார்க்க வேண்டும். தாமுவும் 'எங்க நைனாவுக்குக் கேக்கணும்' என்று மட்டும் சொல்லியிருக்கிறான். ரமணா சந்தோஷமாக, உள்ளே தடுப்பு எதுவும் இல்லாத நேர்க்குழாய் ஒன்றை மாட்டிக் கொடுத்துவிட்டார்.

ஊர் திரும்பிப் பார்த்தது. மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம் என்று திருமலை அடிவாரத்து அலிபிரி பக்கம் போனவனை ஒரு போலீஸ்காரர் ஓரங்கட்டினார். முதலில் காரைச் சுற்றிச் சுற்றி வந்து ரசித்திருக்கிறார். அப்புறம், இந்தக் குழாயோடு மறுபடி பார்த்தால் வண்டி ஸ்டேஷனில்தான் நிற்கும் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சித்தூரில் எங்கள் தெருவுக்குள் அது நுழைந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். தண்ணீர் லாரி டயர் வெடித்துவிட்டதோ என்று வெளியே ஓடினேன். எதிர்வீட்டுக் குழந்தை வீரிட்டது. நிறுத்தியிருந்த கார் ஒன்று தானாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. வாசலில் நைனா.

அவருக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். முகம் வலியில் சுருங்கிப்போயிற்று. உள்ளே போய்ப் படுத்துவிட்டார். தாமு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

காது கேட்காதவருக்கு எப்படிச் சத்தம் வலிக்கும்? எனக்குப் புரியவில்லை. திருப்பதியில் காது பரிசோதனை செய்யும் கல்பனா, என்னோடு கல்லூரியில் படித்தவள். நைனாவைக் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு வெளியே வந்தாள்.

இந்த மாதிரிக் காதுகளுக்குச் சின்னச் சத்தம் கேட்காது, பெரிய சத்தம் வலிக்கும், நடுவில் இருக்கும் இடம் ரொம்பக் குறுகல் என்றாள். மேலே போகும் கீச்சுச் சத்தங்கள் அவருக்குப் போய்விட்டன. ஆனால் அடியில் இருக்கும் கனமான சத்தங்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாமு எழுந்து நின்றுவிட்டான்.

"அப்போ சத்தம் பெருசா வேணாம். கீழ இருந்தா போதும்... அப்படித்தானே மேடம்?"

அப்படித்தான் என்றாள் கல்பனா. வீட்டில் பேசும்போதும் இதேதான் என்று அவள் ஏதோ தொடர்ந்து சொன்னாள். யார் கேட்டது? எங்கள் புத்தி முழுக்க சைலன்சரில் இருந்தது. காது மெஷினைச் சரியாக ட்யூன் செய்து தருகிறேன் என்று அவள் சொன்னதற்கு நைனா வழக்கம்போலத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், நேராக ரேணிகுண்டா ரோடு.

நேர்க்குழாயைக் கழற்றிப் பழைய சைலன்சரையே மாட்டியிருந்த பச்சைக் கார் தாமுவுக்கும் நைனாவுக்கும். எனக்கு என்னுடைய பழைய கார். பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன்.

விஷயத்தைக் கேட்டதும் ரமணா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு காரையும் நைனாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொத்தகா உந்தி அக்கா, புதுசா இருக்கு. எல்லாரும் பெருசு பண்ணுன்னு தான் வருவாங்க. பெருசும் வேணாம், ஆனா கேக்கணும்னு யாருமே கேட்டதில்ல."

அவ்வளவுதான். அடுத்த நிமிடம் மனிதர் காருக்கு அடியில் இருந்தார்.

காரின் பின்பக்கம், கொஞ்சம் தள்ளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நைனாவை உட்கார வைத்தோம். அவர்தான் ஜட்ஜ். முதலில் ஒரு சின்ன டப்பாவும் மெல்லிய குழாயும். தாமு ஸ்டார்ட் செய்தான். எனக்கு நன்றாகத்தான் இருந்தது, தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ரீங்காரம். நைனா கையை விரித்தார். கேட்கவில்லை.

கழற்று. அடுத்தது, பெரிய குழாய். தகர டிரம்முக்குள் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நைனாவின் கை காதுக்குப் போனது. ரமணாவே ஓடிப்போய் நிறுத்தச் சொன்னார்.

மறுபடி கழற்று. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. யாருக்கும் பசிக்கவில்லை! புல்லட் வேலைக்கு வந்த இரண்டு பேர் தங்கள் வண்டியை மறந்துவிட்டு எங்களோடு நின்றார்கள். இன்னும் நீளமாகப் போடு என்றார் ஒருவர், குண்டாகப் போடு என்றார் இன்னொருவர். நான்? சைலன்சர் என்றால் சேலை படாமல் தள்ளி நிற்க வேண்டிய சூடான குழாய் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாத நான், கையில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்காதே என்று தம்பி என்னைத் திட்டிக்கொண்டே இருந்தான்.

மூன்றாவது முறை ரமணா அவசரப்படவில்லை. இன்ஜினிலிருந்து வரும் குழாயைக் கொஞ்சம் அகலமாக்கினார். நடுவில் ரெசனேட்டர் என்று ஒரு குட்டி உருளையை வைத்தார். கீச்சுச் சத்தத்தை மட்டும் அது விழுங்கிவிடுமாம். பின்னால் பஞ்சு அடைத்த நீளமான, பருத்த சைலன்சர். அதிலிருந்து இரட்டைக் குழாய் வெளியே எட்டிப் பார்த்தது.

தாமு என்னைப் பார்த்தான். நான் நைனாவைப் பார்த்தேன். சாவி திரும்பியது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவேன்? முதலில் அது என் காதிலேயே விழவில்லை, நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. பெஞ்சில் இருந்த டீ கிளாசில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது. ஆனால் கத்தல் இல்லை, கர்ஜனையும் இல்லை. வயிறு நிறைந்த ஒரு பெரிய மிருகம் நிம்மதியாக மூச்சு விடுகிற மாதிரி... கனமாக, சீராக.

நைனா எழுந்து நின்றுவிட்டார். மெதுவாக நடந்து வந்தார். காரின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"இருக்குது," என்றார். "தாமு, இது இருக்குதுடா."

ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னார். தாமு அழுத்தினான். சத்தம் ஏறியது, ஆனால் கீச்சிடவில்லை. நைனாவின் இடது கை தன்னால் நகர்ந்து, இல்லாத ஒரு கியரைப் பிடித்தது. புல்லட்காரர்கள் கைதட்டினார்கள். ரமணா மீட்டரை வைத்துச் சத்தத்தை அளந்து பார்த்து, சட்டம் விட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று காட்டினார். தாமு கண்ணைத் துடைத்துக்கொண்டான். கேட்டால் வெல்டிங் புகை என்றான்.

திரும்பும்போது நைனா என் காரில் ஏறிக்கொண்டார். எனக்கு ஆச்சரியம். உள்ளே உட்கார்ந்தால் அதிர்வில் தெரிகிறதா, காதில் கேட்கிறதா என்று பிரிக்க முடியாதாம். அவருக்கு வெளியில் நின்று கேட்க வேண்டும்.

சந்திரகிரி தாண்டி, போக்குவரத்துக் குறைவான ஒரு இடத்தில், ரோட்டை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்தினோம். முன்னால் போய்த் திரும்பி வா என்று தாமுவுக்கு போன் செய்தேன். நைனா ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

லாரி ஒன்று போனது. ஒரு பைக் போனது. அவர் அசையவில்லை. அப்புறம் தூரத்தில் அந்த மூச்சு. எனக்குக் கேட்டது. அவருக்கு? நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரல் எழுந்தது.

"தோ வரான்."

சத்தம் நெருங்கியது. "கியர் மாத்துறான்," என்றார். பச்சையாக ஒன்று அவர் முதுகுக்குப் பின்னால் பாய்ந்து கடந்தது. நைனா சிரித்தார்... பல் தெரிய, தோள் குலுங்க. நான் எத்தனை காலமாகப் பார்க்காத சிரிப்பு! "போய்க்கினே இருக்கான் பாரு," என்றார், கண்ணைத் திறக்காமலே.

என் தொண்டை அடைத்துக்கொண்டது. காரில் ஏறியபிறகும் சரியாகவில்லை. எதையாவது பேச வேண்டுமே என்று, அடைத்த குரலில், மெதுவாக, அடித்தொண்டையிலிருந்து கேட்டேன். டீ குடிக்கலாமா நைனா?

"டீ வேணாம். காபி சொல்லு."

நான் சாவியைத் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே குரலில், அதே மெதுவில், நான் பேசுவது கேட்கிறதா என்றேன்.

"கேக்குது. இன்னிக்கி தாம்மா நீ மனுசங்க மாதிரி பேசுற. தெனம் கீச்சுகீச்சுன்னு கத்திக்கினு இருந்தா எனக்கு இன்னா வெளங்கும்?"

வீட்டில் பேசும்போதும் இதேதான் என்று கல்பனா சொன்னாளே... அது இதுதானா! எங்களுக்குக் காது கேட்டதே தவிர, யார் காதில் ஏறியது?

யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கு நாம் சொல்வது புரியவில்லை என்றால் உடனே என்ன செய்கிறோம்? சத்தத்தைக் கூட்டுகிறோம். வீட்டில், ஆபீசில், போனில், எல்லா இடத்திலும் இதே வைத்தியம்தான். இன்னும் புரியவில்லையா? இன்னும் கூட்டு. கொஞ்சம் இறங்கிப் பார்ப்போமே என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

வழியில் காபிக் கடையில் நானும் நைனாவும் பேசிக்கொண்டே இருந்தோம். காரைப் பற்றி, ரமணாவைப் பற்றி, தாமு கிளட்ச்சை மிதிக்கிற அழகைப் பற்றி. தாமு வந்து சேர்ந்தபோது நாங்கள் சாதாரணமாகப் பேசுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். போன வாரம் நைனா தானாகவே கேட்டார், கல்பனாவிடம் போய் அந்த மெஷினைச் சரிசெய்துகொள்ளலாமா என்று. வருகிற முகூர்த்தத்தில் நகரியில் ஒரு கல்யாணம். பச்சைக் காரில்தான் போகப் போகிறாராம்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் குரலை உயர்த்துகிற உரிமை அந்தக் காருக்கு மட்டும்தான்!