மேகமும் என் பேரில்தான்

குன்னூருக்கு மேலே தேயிலைச் சரிவில் நாலு காட்டேஜ். எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த பிறகு, அவற்றைக் கூட்டித் துடைக்கப் போனேன். முதலாளியை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. மேனேஜர் ஒரு பெண்பிள்ளை; பெங்களூரில் இருந்துகொண்டு போனில் பேசும்.

தங்கிப்போகிறவர்கள் தங்கள் போனில் ஸ்டார் போடுவார்களாம். அஞ்சு வந்தால் நல்ல வேலை. மூணுக்குக் கீழே மூன்று தடவை வந்தால் வேறு ஆள். சேரும்போதே சொல்லிவிட்டார்கள். நான் தேய்த்த தரையில் எனக்கு நம்பிக்கை உண்டு; சரி என்றேன்.

ஐப்பசி பிறந்தது. மேகம் இறங்கினால் வாசலில் நிற்கிற சில்வர் ஓக் மரமே தெரியாது. அப்போதுதான் போன் வந்தது.

"அம்மா, ரெண்டு ஸ்டார் போட்டிருக்காங்க."

"பாத்ரூம்ல முடி கிடி கெடந்துச்சா கண்ணு?"

"அதெல்லாம் இல்லம்மா. ஜன்னல்ல மலை தெரியலையாம்."

"மேகம் எறங்கியிருந்துச்சு. அதையும் நாந்தான் தொடைக்கோணுமா?"

"எனக்குப் புரியுதும்மா. ஆனா காட்டேஜ் உங்க பேர்ல இருக்கு. சிஸ்டம் அப்படித்தான் எடுத்துக்கும்."

எஸ்டேட்டில் கங்காணியும் திட்டுவார். ஆனால் எங்களோடு மழையில் நின்றுகொண்டு திட்டுவார். அட்டை அவரையும் கடிக்கும். மேகம் என்றால் மேகம் என்று அவருக்குத் தெரியும். இந்தச் சிஸ்டத்தை எந்தப் பாத்தியில் நிறுத்திக் காட்டுவது?

அடுத்த வாரம் இன்னொரு ரெண்டு ஸ்டார். அதே மேகம்.

"இன்னும் ஒண்ணு வந்தா என் கையில இல்லம்மா. கெஸ்ட் கெளம்பறப்ப அஞ்சு போடுங்கன்னு கேட்டுப் பாருங்களேன்."

"நல்லாருக்குது. கக்கூஸும் கழுவிப்போட்டுக் கையும் நீட்டறதா?"

கோபம் ஆறவில்லை. சாப்பாட்டு நேரம் எழுதுகிற கரும்பலகை வாசலில் இருந்தது. எனக்குத் தெரிந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி எழுதினேன்: 'கூட்டுவது என் வேலை. மேகம் என் வேலை இல்லை.'

அன்று வந்தது கோயமுத்தூர்க் குடும்பம். மேகம் விலகவேயில்லை. அவர்கள் பலகைக்கு இரண்டு பக்கமும் நின்று, சிரித்துச் சிரித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் போன்.

"அம்மா, அஞ்சு ஸ்டார்! போர்டு சூப்பர்னு எழுதியிருக்காங்க. மத்த மூணு காட்டேஜ்லயும் அதையே எழுதி வச்சிருங்க."

"ரூம் எப்படியிருந்துச்சாம்?"

"அதப்பத்தி ஒண்ணும் எழுதலம்மா."

"அப்ப பலகையவே வேலைக்கு வெச்சுக்க கண்ணு. அதுக்கு முட்டி வலிக்காது."

அந்தப் பிள்ளை சிரித்தது. விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டது போல.

வேலை வேண்டுமே, எழுதினேன். மூன்றாவது பலகையில் அழுத்திய அழுத்தில் சாக்பீஸ் ஒடிந்தது. நிமிர்ந்து பார்த்தால், பத்து நாளாகக் காணாத எதிர்மலை அடியிலிருந்து முடிவரை பளிச்சென்று நிற்கிறது. அது யார் பேரில் என்று கேட்டு ஒருவரும் போன் செய்யவில்லை.