பற்றாத பஞ்சு

தெருவில் எல்லோரும் அவளை வண்டுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். வயலோரங்களில் வண்டு பிடித்து, மரபணு கெடாமலிருக்கச் சுத்தமான ஸ்பிரிட், அதாவது எரிசாராயம், ஊற்றிய குப்பிகளில் போட்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்புவது அவள் வேலை.

அன்று காலை ஒரு குப்பியைத் திறந்ததும் அழுகல் வாடை குப்பென்று அடித்தது. கேனிலிருந்த ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தீக்குச்சியைக் காட்டினாள். பஞ்சு பற்றவே இல்லை. பாதிக்கு மேல் தண்ணீர்.

வேலை போனதிலிருந்து அண்ணன் அவள் வீட்டில்தான் இருந்தான். கேனைக் கொண்டுபோய் அவன் எதிரே வைத்தாள்.

"எப்பலேருந்துண்ணா?"

"மூணு மாசமா. எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்தி வெச்சிடுவேன்" என்றான், ஏதோ உபகாரம் செய்தவன் போல.

"வெயில்ல நான் அலைஞ்சதையெல்லாம் குடிச்சிட்டியே."



வாயை மூடிக்கொண்டு குப்பிகளை அனுப்பிவிடலாம். அண்ணன் மானமும் தப்பும். ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆராய்ச்சிக்கூடத்து மேடத்துக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"மேடம், மூணு மாசமா பிடிச்சது எதுவும் உதவாது. ஸ்பிரிட்ல தண்ணி கலந்திருக்கு."

"யார் கலந்தது?"

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க அண்ணன். குடிக்கிறதுக்காக."



"வண்டை மறுபடி பிடிச்சுக்கலாம். முதல்ல அவரை டாக்டர்கிட்ட காட்டுங்க."

அண்ணன் எழுந்து சட்டையை மாட்டினான். கை நடுக்கத்தில் பொத்தான் போட வரவில்லை. அவள் கிட்டே வந்து போட்டுவிட்டாள்.