முதல் பெஞ்சில் தோதுகான்

நாரின் என்ற மலையூரின் பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் பேசுவது தோதுகானின் குரல் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குரல் சொல்வதை நம்புகிறவர்கள்தான் குறைவு. அத்பாஷிக்குப் போகிற வண்டியைக் கோச்கோருக்குப் போகிற வண்டி என்பாள். பாதி அறிவிப்பில், "ஐயோ, அடுப்புல பால்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு எழுந்து ஓடுவாள். கெட்டிக்காரி, மனசு நல்லது, யாருக்கும் கெடுதல் நினைக்காதவள் என்று பெயர் எடுத்திருந்ததால் பயணிகள் கோபித்துக்கொள்வதில்லை. ஓட்டுநரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு ஏறிக்கொள்வார்கள்.

அவளுக்கு ஒரே மகள், அக்பெர்மெட். இரண்டாம் வகுப்பு. உட்கார வைத்தால் எழுந்திருப்பாள், நிற்க வைத்தால் மேசைமேல் ஏறுவாள். கேள்வியை ஆசிரியை முடிப்பதற்குள் பதில் சொல்வாள், அதுவும் வேறு ஏதோ கேள்விக்கு. அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் தண்ணீர் குடிக்க வெளியே போனவள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கழற்றி வைத்திருந்த பூட்ஸுகளில் இடதுகால் பூட்ஸுகளை மட்டும் எடுத்து நடைவழி முழுக்க ரயில் மாதிரி நிறுத்திவிட்டாள். அன்று பிள்ளைகள் வீடு போய்ச் சேர இருட்டிவிட்டது. சிலர் அடுத்தவன் பூட்ஸோடு போனார்கள்.

தோதுகானைக் கூப்பிட்டு அனுப்பினார் தலைமையாசிரியர் எசென்பேக். காகிதத்தில் இருப்பதை மட்டுமே நம்புகிற மனிதர். பள்ளிக்கூடத்துக் குதிரை செத்துப் பல வருஷம் ஆகியும் சொத்துப் பதிவேட்டில் உயிரோடு இருந்ததால், லாயத்தைத் தினமும் கூட்டச் சொல்லி ஆள் வைத்திருந்தவர். குழந்தைக்கு என்ன கோளாறு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அதன்படி நடக்கத் தயார், இல்லாவிட்டால் பள்ளியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

தோதுகானின் மாமியாருக்கு மருத்துவர் எல்லாம் இரண்டாம்பட்சம். பேத்தி எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள், இதயம் கீழே விழுந்துவிட்டது, அதை எடுத்து மேலே வைத்தால் சரியாகிவிடும் என்பது அவள் முடிவு. இதயம் தூக்கி வைக்கிற ஷைர்கான் என்ற கிழவியிடம் கூட்டிப் போனார்கள். ஷைர்கான் ஈயத்தை உருக்கி, குழந்தையின் தலைக்கு மேலே தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்து அதில் ஊற்றுவாள். உறைகிற வடிவத்தைப் பார்த்துப் பயந்தது நாயா பேயா என்று சொல்வாள். அக்பெர்மெட் தலைக்கு மேலே நடப்பதைப் பார்க்கத் தலையைத் தூக்கினாள், கிண்ணம் கவிழ்ந்தது. கிழவி துடைத்து முடிப்பதற்குள் கரண்டி குழந்தையின் கையில் இருந்தது. ஈயத்துக்கு நாயை எப்படித் தெரியும், அது பூனையைப் பார்த்திருக்கிறதா, கோழியை ஊற்றினால் கோழி வருமா என்று கேட்டுக்கொண்டே கிழவியின் கோழியைப் பிடிக்கப் போய்விட்டாள்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள் ஷைர்கான். "இவளுக்கு ஒண்ணும் விழலடி. எனக்குத்தான் இப்ப விழுந்துடுச்சு."

வசந்தத்துக்கு முன்னால் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மருத்துவக் குழு வந்தது. தோதுகான் மகளுக்குப் பின்னல் போட்டு, பையில் உப்புத் தயிர் உருண்டை நிறைத்து, வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே கூட்டிப் போனாள். குழு உட்கார்ந்திருந்த அறையின் மூலையில் ஒரு மீன் தொட்டி. கண்ணாடியில் வாயை ஒட்டிப் பாசி தின்கிற கறுத்த மீன் ஒன்று உள்ளே இருந்தது. அக்பெர்மெட் அதன் முன்னால் உட்கார்ந்தாள். அப்புறம் அசையவே இல்லை.

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவார்களோ என்று தோதுகான் பதறினாள். மகள் எப்படிப்பட்டவள் என்று விளக்க ஆரம்பித்தாள். நடுவில் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள், புழுங்குகிறது என்று திறந்தாள், பூட்ஸ் கதையில் தொடங்கி மாமியாரின் முழங்கால் வலிக்குப் போய் அங்கிருந்து திரும்பத் தெரியாமல் நின்றாள். மேசைமேல் இருந்த பேனாவை எப்போது எடுத்தாள், எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. ஸ்பிரிங் துள்ளி ஒரு மருத்துவரின் தேநீரில் விழுந்தது.

குழுவுக்குத் தலைவியான அம்மாள் பேனாவை மெதுவாக வாங்கி வைத்தாள். "பிள்ளை மீன் முன்னாடி உட்கார்ந்துட்டாங்கிறதால ஒண்ணுமில்லன்னு எழுத மாட்டேன், பயப்படாத. பிடிச்சதுல ஒட்டிக்கும், பிடிக்காததுல நிக்காது. அது அடம் இல்ல. உன் வீட்டுக்காரர் என்ன வேலை?"

"டோலோன் கணவாயில பனி தள்ளுற வண்டி ஓட்டுறார்."

"அப்ப அவர்கிட்ட சொல்லு. எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, பிரேக்தான் சரியாப் பிடிக்கல. ஓட்டத் தெரிஞ்சவங்க ஓட்டணும்." கொஞ்சம் நிறுத்தி, "நீ பள்ளிக்கூடத்துல எப்படிம்மா இருந்த?" என்று கேட்டாள்.

தோதுகான் ஜன்னலைச் சாத்த மறுபடி எழுந்தாள். சிறுமியாக இருந்தபோது அவளை வகுப்பறைக் கணப்படுப்புக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நிற்க வைப்பார்கள். அந்தச் சுவரின் விரிசல் ஒவ்வொன்றும் இன்றும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

சான்றிதழைத் தட்டச்சு செய்த குமாஸ்தா களைத்துப் போயிருந்தான் போலிருக்கிறது. எசென்பேக் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"தோதுகான். வயசு முப்பத்திநாலு. இரண்டாம் வகுப்பு. முதல் பெஞ்சில் உட்கார வைக்கணும். இருப்புக் கொள்ளாதப்போ எழுந்து நடக்க விடணும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லணும். எல்லார் முன்னாடியும் திட்டக் கூடாது."

தோதுகான் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. திருத்தம் பிஷ்கெக்கிலிருந்துதான் வர வேண்டும், அதுவரை குழந்தைக்குக் காகிதம் இல்லை, அம்மாவுக்கு இருக்கிறது, இருக்கிற காகிதத்தை நிறைவேற்றுவது தன் கடமை என்றார். அம்மா வராவிட்டால் மகளும் வர வேண்டியதில்லை.

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. மறுநாள் காலை தோதுகான் மகளுக்குப் பக்கத்தில், முழங்கால் மேசையில் இடிக்க, முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். மாமியார் பொரித்த ரொட்டியை இரண்டு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். மலையிலிருந்து கணவன் போன் செய்து, ரெண்டு பேரும் வீட்டுப்பாடம் முடிச்சாச்சா என்று கேட்டான்.

வகுப்பாசிரியை கலிச்சாவுக்குத்தான் சங்கடம். வளர்ந்த பெண்ணை எல்லார் முன்னாலும் எப்படித் திட்டுவது, ஆகவே திட்டுவதை விட்டாள். காகிதத்தில் இருக்கிறதே என்று ஒவ்வொரு வேலையாகப் பிரித்துச் சொன்னாள். நோட்டை எடு. தேதி எழுது. இப்போது முதல் கணக்கு. தோதுகானுக்குக் கால் மரத்துப்போய் எழுந்தால் அக்பெர்மெட்டும் கூடவே எழுந்தாள். இருவரும் பின்சுவர் வரை போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அந்த வாரக் கடைசியில் அக்பெர்மெட் ஒரு பக்கம் முழுக்க எழுதி முடித்தாள். கலிச்சா அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முந்தைய நாள் யாரோ எழுதிக் கொடுத்ததோ என்று சந்தேகம்.

எல்லாம் நேராகிவிட்டது என்று நினைத்திருந்தபோது, ஒருநாள் பாடத்தின் நடுவில் அக்பெர்மெட் ஜன்னல் வழியாக வெளியே குதித்தாள். ஓடிப் பிடிக்கச் சொன்னாள் கலிச்சா. கதவு வழியாகச் சுற்றிப் போவதைவிடக் கிட்டத்து வழி என்பதால் தோதுகானும் ஜன்னல் வழியாகவே குதித்தாள். இரண்டு பேரும் திரும்பவில்லை. வகுப்பு முழுக்க ஜன்னலில் தொங்கிக்கொண்டிருக்க, எசென்பேக் கோட்டைப் போட்டுக்கொண்டு தேடிப் போனார். உருகிய பனி ஓடும் வாய்க்காலில் ஒரு கன்று மாட்டிக்கொண்டிருந்தது. மகள் தலையைப் பிடித்திருந்தாள், அம்மா இடுப்பளவு சேற்றில் நின்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

எசென்பேக் சட்டைப்பையிலிருந்து சான்றிதழை எடுத்துப் படித்தார். "ஜன்னல் பத்தி இதுல ஒண்ணும் இல்ல," என்றார். பிறகு கோட்டைக் கழற்றிப் புல்மேல் வைத்துவிட்டு வாய்க்காலில் இறங்கினார்.

திருத்திய காகிதம் ஏப்ரலில் வந்தது. இனி வர வேண்டாம் என்று எசென்பேக் சொன்னதும், தோதுகான் கையிலிருந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். ஏழாம் வாய்ப்பாடு அப்போதுதான் பாதி வந்திருந்தது.

கலிச்சா நடைவழியில் அவளை நிறுத்தினாள். "நாளைக்கு ஏழாம் வாய்ப்பாட்டுல மீதியை எடுக்கிறேன். காகிதம் இருந்தாத்தான் வருவியா?"

"நான் எழுந்து நடப்பேனே, எஜே," என்றாள், பிள்ளைகள் ஆசிரியையைக் கூப்பிடுவதுபோலவே.

"நடந்துட்டுப் போ. செடி காயுது."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அக்பெர்மெட் முன்னால் ஓடி, பின்னால் வந்து, அம்மாவைச் சுற்றி, மறுபடி ஓடினாள். பாலத்தில் ஏறியதும் நின்றாள்.

"அம்மா, உனக்கு இது எப்ப சரியாகும்?"

"தெரியலடி. உனக்கு?"

மகள் யோசிப்பதுபோல் வாயைத் திறந்தாள். ஆற்றில் ஏதோ மிதந்து வந்தது. இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக் குனிந்தார்கள்.