அப்பாவின் குதிகாலில் ஒரு கரும்புள்ளி

விருதுநகரில் உயிரியல் முதுகலை படித்தபோது செமினாருக்கு எனக்கு விழுந்த தலைப்பு தோல் புற்றுநோய். செல்களுக்குள் ஓடும் செய்திகள் அந்த நோயை மற்ற உறுப்புகளுக்கு எப்படிப் பரப்புகின்றன என்று பேச வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒத்திகை பார்க்க வேறு சபை கிடைக்காததால், நாரணாபுரத்துப் பட்டாசு கம்பெனியில் வேலை முடிந்து வந்த அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்தேன்.

“செல்லுக்கு வெளிய இருந்து ஒரு சேதி வரும். மேல இருக்கிற புரதம் அதை வாங்கி அடுத்ததுக்குக் கொடுக்கும். அது அதுக்கு அடுத்ததுக்கு. கடைசியில உள்ள இருக்கிற கருவுக்குப் போய்ச் சேரும். பெருகச் சொன்னா செல்லு பெருகும்.”

“சரவெடித் திரி மாதிரி,” என்றாள் அம்மா. பல வருடமாகச் சரம் பின்னுகிறவள்.

“ஆமா. இந்த நோயில நடுவுல ஒரு புரதம், சேதி வராமலே வந்த மாதிரி கொடுத்துக்கிட்டே இருக்கும்.”

“யாரும் பத்த வைக்காமயா? அப்ப அந்த எடத்துல திரிய நறுக்கிற வேண்டியதுதானலே.”

அதற்கான மருந்தைத்தான் ஆராய்ச்சிக் கூடங்களில் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் மூன்று பக்கம் குறிப்பெடுத்து வைத்திருந்த விஷயம் அது. எனக்குக் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது.

அப்படிக் கெட்ட செல் பக்கத்துச் செல்லின் பிடியை விட்டுவிடும், நிணநீரில் இறங்கி முதலில் நெறி கட்டும், பிறகு ரத்தத்தோடு நுரையீரல், ஈரல், மூளை வரை போகும் என்றேன். நம் நிறத்துக்காரர்களுக்கு அது வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில் வரும் என்று சொல்லும்போதே, கால் நீட்டி உட்கார்ந்திருந்த அப்பாவின் குதிகாலில் கண் போனது. மிளகு அளவில் ஒரு கரும்புள்ளி. ஓரம் ஒழுங்காக இல்லை.

“இது எம்புட்டு நாளா இருக்குப்பா?”

“காலுக்கு அடியில எவன் குனிஞ்சு பாத்தான்?”

நெறி கட்டியிருக்கிறதா என்று தொடை இடுக்கைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்றேன்.

“அங்கன கை வச்சே, செமினாருக்குப் போக நீ இருக்க மாட்ட.”

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள், சீசன் நெருக்கடியிலும் லீவு போட்டுவிட்டு, விருதுநகர் தோல் டாக்டரிடம் என்னோடு வந்தார். டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“என்ன வேல பாக்கீக?”

“பட்டாசு கம்பெனிங்க. கருமருந்து கலக்குற ரூமு.”

“கால்ல செருப்பு?”

“உள்ள செருப்பு போடக் கூடாதுங்க. ஆணி உரசித் தீப்பொறி வந்துரும்.”

டாக்டரம்மா ஒரு பிளேடால் குதிகாலின் காய்ந்த தோலை மெல்லச் சீவினார். தோலோடு கருப்பும் வந்துவிட்டது. அடியில் நல்ல தோல், குழந்தையின் காலைப் போல. குதிகால் வெடிப்புக்குள் ஏறிய கருமருந்துத் தூள்மேல் தோல் தடித்து மூடியிருக்கிறது. அப்பா வெறுங்காலோடு வேலை செய்வதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிற எனக்கு அது தோன்றவே இல்லை.

“சந்தேகப்பட்டது தப்பில்ல தம்பி,” என்றார் டாக்டரம்மா. “அடுத்த தடவ மொதல்ல வெந்நீர்ல ஊற வச்சுப் பாருங்க.”

வெளியே வந்ததும் அப்பா நேராக எண்ணெய்ப் பரோட்டாக் கடைக்குள் நுழைந்தார். நாலு பரோட்டா போன பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“பரவுறதா இருந்தா மொதல்ல நெறிதான கட்டும்னு சொன்ன?”

“ஆமாப்பா.”

“ராத்திரி நானே தடவிப் பாத்துட்டேன். ரெண்டு பக்கமும்,” என்று சொல்லிவிட்டு, இன்னும் ரெண்டு கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினார்.